கூம்பு வழி வந்த குரல்: சென்னையில் இசைத்தட்டின் பொதுவாழ்வும் மறுபதிப்பும்

சென்னையில் இசைத்தட்டின் வரலாறு பெரும்பாலும் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்திலிருந்தும் மவுண்ட் ரோட்டுக் கடையிலிருந்தும் எழுதப்பட்டுவந்திருக்கிறது. பாடியவர், விற்றவர், வாங்கியவர் ஆகிய மூவரே அதில் இடம்பெறுகின்றனர். தட்டை வாங்காமலும் பெட்டியைச் சொந்தமாக வைத்திராமலும் பல பத்தாண்டுகள் அதைக் கேட்டுவந்த பெருங்கூட்டம் ஒன்று இருந்தது. கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எங்கெல்லாம் கம்பத்தில் கூம்பு கட்டப்பட்டதோ அங்கெல்லாம் அந்தக் கூட்டம் இசைத்தட்டைக் கேட்டது. பழைய இசைத்தட்டுகள் உலகெங்கும் புதிதாக அச்சேறி விலைபோகும் இந்நாளில், எது மறுபதிப்பாகிறது, எது ஆவதில்லை என்பதை விளங்கிக்கொள்ள இந்தக் கூட்டத்திடமிருந்தே தொடங்க வேண்டும்.

அதற்கு ஊரூர் ஒல்காட் குப்பம் பொருத்தமான இடம். அடையாற்றின் முகத்துவாரத்துக்கும் எலியட்ஸ் கடற்கரைக்கும் இடையே அமைந்த இந்த மீனவர் குடியிருப்பின் பெயரில் இரண்டு வரலாறுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: ஊரூர் என்பது பழைய கிராமத்தின் பெயர், ஒல்காட் என்பது 1882இல் தன் தலைமையகத்தை அடையாற்றுக்குக் கொண்டுவந்த பிரம்மஞான சபையின் நிறுவனர்களுள் ஒருவரும், 1894இல் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கியவருமான அமெரிக்கர் ஹென்றி ஸ்டீல் ஒல்காட்டின் பெயர். குப்பத்தை அடுத்து வீட்டுவசதி வாரியத்தின் மனைப்பிரிவாக வளர்ந்த பெசன்ட் நகர் அதே சபையின் அன்னி பெசன்ட் பெயரைத் தாங்கியது. குப்பத்துக்குள் எல்லையம்மன் கோயிலும், அதைத் தாண்டிக் கடலோரமாக 1970களில் எழுந்த அஷ்டலட்சுமி கோயிலும் அன்னை வேளாங்கண்ணி ஆலயமும் நடந்துபோகும் தொலைவிலேயே இருக்கின்றன. ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்த்து முடிந்த சில நாட்களில், ஆகஸ்ட் 29ஆம் தேதி மாதாவுக்குக் கொடியேறி, செப்டம்பர் 8ஆம் தேதி வரை திருவிழா நடக்கும். ஆதலால் ஆண்டின் ஒரு பருவம் முழுவதும் இந்தக் கரையின் காற்றில் ஏதாவதொரு ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்கும். கேட்பவருக்கு எந்தச் சாமியின் பாட்டு என்பதில் தெரிவு உண்டே தவிர, கேட்பதா வேண்டாமா என்பதில் இல்லை.

இசைத்தட்டு இந்தியாவுக்கு வந்த கதை பலமுறை சொல்லப்பட்டது. லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவுசெய்ததும், அடுத்த சில ஆண்டுகளில் அக்கம்பெனியின் பதிவாளர்கள் தென்னாட்டுக் குரல்களையும் தட்டில் ஏற்றியதும், 1908இல் கல்கத்தாவின் சியால்தாவில் தட்டு அச்சிடும் ஆலை நிறுவப்பட்டதும் அதன் முதற்கட்டம். அன்றைய தட்டு அரக்கால் ஆனது. அதாவது மரக்கிளைகளில் பூச்சிகள் சுரக்கும் பிசினைச் சுத்திகரித்துத் தாதுத்தூளோடு கலந்து வார்த்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற அந்தத் தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடமே பாடும்; பக்கத்துக்குப் பக்கம் எஃகு ஊசியை மாற்ற வேண்டும். மணிக்கணக்கில் ராகம் பாடிப் பழகிய வித்வான்களுள் பலர் இந்தக் குறுக்கத்துக்கு உடன்பட மறுத்தனர். குரலைப் பெட்டி பிடித்துக்கொண்டால் தொண்டை போய்விடும் என்ற அச்சமும் சிலருக்கு இருந்தது. தயங்காமல் முன்வந்தவர்கள் பெரும்பாலும் தேவதாசி மரபைச் சேர்ந்த பெண்கள். கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி, தனகோடி அம்மாள் போன்றோரின் குரல்களாலேயே தமிழ்நாட்டின் முதல் இசைத்தட்டுச் சந்தை உருவானது.

கோயம்புத்தூர் தாயியின் தட்டுகளுக்கு எதிர்பாராத ஒரு வாழ்வும் வாய்த்தது. ராவெலின் மாணாக்கரான பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாழ் 1912இல் இந்தியப் பயணம் வந்து, அவருடைய குரலில் மயங்கி, அந்தத் தட்டுகளைப் பாரிசுக்குக் கொண்டுபோய், அவற்றின் கமகங்களையும் வழுக்கல்களையும் தம் இசைக்கோவையில் எழுதிக்காட்ட முயன்றார். இங்கே நாள்பட்ட சரக்காய்ப்போன தட்டை அயல்நாட்டுச் சேகரிப்பாளர் தேடிப்பிடித்துப் புதுப்பொருள் தருவது நம் காலத்து வழக்கம் என்று எண்ணப்படுகிறது. அது நூற்றாண்டைக் கடந்த வழக்கம்.

1930களில் வணிகம் உள்ளூர்க்காரர் கைக்கு வந்தது. ஏவி. மெய்யப்பன் 1932இல் கூட்டாளிகளுடன் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் தட்டுகளுக்குத் தென்னிந்திய விநியோகம் எடுத்து, பாட்டோடு நில்லாமல் நாடகங்களையும் பல தட்டுகள் கொண்ட தொகுப்பாக வெளியிட்டது. அதுவே அவரைப் படத்தயாரிப்புக்கு இட்டுச்சென்றது. கே.பி. சுந்தராம்பாள், எஸ்.ஜி. கிட்டப்பா ஆகியோரின் நாடகப் பாட்டுகளும் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தோடியும் இந்தச் சந்தையின் பெருஞ்சரக்குகள். எனினும் சாவிகொடுத்து ஓட்டும் கிராமபோன் பெட்டி வசதியுள்ளவர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. மின்சாரம் எட்டாத ஊர்களில் அப்பெட்டி நெடுநாள் நிலைத்ததால், பிற நாடுகள் கைவிட்ட பின்னரும் இந்தியாவில் 78 சுழற்சித் தட்டு 1960கள் முழுவதும் அச்சாகியது. பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள் 78 தட்டில் வந்தது இந்நாட்டின் வினோதங்களுள் ஒன்று. இன்றைய சேகரிப்பாளர்கள் அதற்குப் பெருவிலை தருகின்றனர்.

பெட்டிக்கும் பொதுமக்களுக்கும் இடையிலிருந்த இடைவெளியை நிரப்பியது ஒரு புதுத்தொழில். ஒலிபெருக்கி நிலையம், சவுண்ட் சர்வீஸ் என்றெல்லாம் பெயர்ப்பலகை தாங்கினாலும், பேச்சுவழக்கில் அது ரேடியோ செட்டு அல்லது மைக் செட்டு; அதை நடத்தியவர் செட்டுக்காரர். தட்டுச் சுழற்றி ஒன்று, ஒலிமிகைப்பான் ஒன்று, மைக் ஒன்று, குழாய் அல்லது கூம்பு எனப்பட்ட உலோக ஒலிபெருக்கிகள் சில, மரப்பெட்டி நிறையத் தட்டுகள் ஆகியவையே அவருடைய முதல். தட்டு அவருக்குப் பண்டமாக இருக்கவில்லை. வாடகைக்கு விடும் கருவியாக இருந்தது. ஒரே தட்டு ஆண்டுக்கு நூறு முறை ஓடித் தேய்ந்து, கீறல் விழுந்து, ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடத் தொடங்கும் வரை உழைத்தது. பேசியதையே பேசுபவரைக் கீறல் விழுந்த ரிக்கார்டு என்று தமிழர் குறிப்பது அந்த உழைப்பின் எச்சம். ரிக்கார்ட் டான்ஸ் என்ற ஆட்டவகைக்கும் இந்தத் தட்டுகளே ஆதாரம். பராசக்தி, வீரபாண்டிய கட்டபொம்மன், திருவிளையாடல் ஆகிய படங்களின் கதை வசனத் தட்டுகள் திருவிழா இரவுகளில் ஓடியபோது, படத்தைப் பார்த்திராதவரும் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் நிலை உண்டானது.

தட்டின் கால அளவு தொழிலின் நடைமுறையைத் தீர்மானித்தது என்பது கவனத்துக்குரியது. மூன்று நிமிடத் தட்டு ஓடிய காலத்தில் பெட்டியருகே ஒரு பையன் இடைவிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நகர்ந்தால் ஊர் மௌனமாகிவிடும். அமெரிக்காவில் 1948இல் அறிமுகமாகி, நிமிடத்துக்கு 33⅓ சுழற்சியில் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பாடிய வினைல் தட்டு, அதாவது நெகிழியால் ஆன எல்.பி., இந்த நிலையை மாற்றியது. 1963இல் எச்.எம்.வி. வெளியிட்ட எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதமும், சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசமும் ஒரு பக்கத்தின் அளவுக்கு ஏறத்தாழச் சரியாகப் பொருந்தும் பாராயணங்கள். ஊசியை வைத்துவிட்டுச் செட்டுக்காரர் தேநீர் குடித்துவரலாம். தமிழ்நாட்டின் விடியற்காலைக்கு எந்தப் பாட்டு என்பதைப் பக்தி மட்டும் முடிவுசெய்யவில்லை, எல்.பி.யின் நீளத்துக்கும் அதில் பங்குண்டு.

கூம்பின் இயல்பும் குரல்களைத் தேர்ந்தெடுத்தது. கூம்பு ஒலிபெருக்கி மனிதக் குரல் நிற்கும் நடுச்சுரங்களைக் கூர்மையாக்கித் தொலைதூரம் எறியும். தாழ்ந்த ஓசைகளை ஏறக்குறைய விழுங்கிவிடும். ஆகவே வெட்டவெளியில் துலங்கியவை மேல்நோக்கிப் பாயும் குரல்களே. சீர்காழி கோவிந்தராஜனும் நாகூர் இ.எம். ஹனிபாவும் இவ்வகையினர்; ஹனிபாவின் குரல் தர்காக்களிலும் தி.மு.க. மேடைகளிலும் ஒருங்கே ஒலித்தது. ஆனால் கூம்புக்கென்றே பிறந்ததாகச் சொல்லத்தக்க குரல் எல்.ஆர். ஈஸ்வரியுடையது. 1939இல் சென்னையில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்த லூர்து மேரி ராஜேஸ்வரி ஈஸ்வரி, குழுப்பாடகராகத் தொடங்கி, 1961இல் பாசமலர் படத்தில் பாடிய திருமணப் பாட்டால் அறியப்பட்டு, பின்னர் கேளிக்கைவிடுதிக் காட்சிகளின் துள்ளல் பாட்டுகளுக்கு இன்றியமையாத குரலானார். முணுமுணுப்பு, சிரிப்பு, விக்கல், திடீர்க் கூவல் எனச் சபையிசை ஒதுக்கிவைத்த ஒலிகளையெல்லாம் அவர் பாட்டின் உறுப்புகளாக்கினார். திரையில் ஒழுக்கக்கேட்டின் அடையாளமாகப் பயன்பட்ட அதே குரல் 1970களில் மாரியம்மன் பாட்டுத் தட்டுகளில் ஏறியதும், தமிழ்நாட்டு அம்மன் கோயில்களின் ஆடிமாதம் அவருடையதாயிற்று. அம்மன் வழிபாட்டில் சன்னதம் வந்து ஆடுபவரின் மூச்சும் குலவையும் உடுக்கையும் ஏற்கெனவே இருந்தன. அவற்றுக்கு நெருக்கமாக நின்றது சபாக் கச்சேரியின் அடக்கமான குரலைவிட இந்தக் குரல்தான். கத்தோலிக்கராய்ப் பிறந்தவர் மாரியம்மனைப் பாடியதை எந்தக் குப்பமும் முரணாகக் கொண்டதில்லை. பாட்டு சரியாக இருந்தது, அது போதும்.

இங்கே அமெரிக்கத் தென்மாநிலங்களின் இசை ஒன்றை ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. டென்னசி, அலபாமா முதலிய மாநிலங்களில் 1960களில் செழித்த கறுப்பின மக்களின் பாட்டுவகை சோல் எனப்பட்டது. ஆன்மா என்பது அச்சொல்லின் பொருள். தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல், அதே கதறலோடும் அதே கைத்தட்டலோடும் காதலைப் பாடியதே அதன் புதுமை. மெம்பிஸ் நகரில் மூடிக்கிடந்த திரையரங்கொன்றில் இயங்கிய ஸ்டாக்ஸ் நிறுவனம் அதன் நடுநாயகம்; நிறப்பாகுபாடு நிலவிய அந்நகரில் கறுப்பரும் வெள்ளையரும் கலந்த குழுவே அங்கு வாசித்தது. ஓட்டிஸ் ரெட்டிங்கின் ஓட்டிஸ் புளூ என்ற தொகுப்பு 1965 ஜூலையில் இரண்டே நாட்களில் அங்கு பதிவாயிற்று. தென்மாநில சோல் தேவாலயத்திலிருந்து கேளிக்கைவிடுதிக்குச் சென்றது; ஈஸ்வரியின் குரலோ திரைக் கேளிக்கைவிடுதியிலிருந்து அம்மன் கோயிலுக்கு வந்தது. திசை எதிரானதே தவிர, இரண்டிலும் கேட்பவரை உலுக்கியது ஒன்றேதான்: புனிதம், கேளிக்கை என்று பிரித்துவைத்த இரு ஒலிகளுக்கிடையே குரல் தடையின்றிப் போய்வந்தது.

கேட்ட முறையும் ஒத்திருந்தது. சோல் பாட்டை அன்றைய கறுப்பினத் தொழிலாளர் அறிந்தது வானொலி வழியாகவும், காசு போட்டால் விடுதியில் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டி வழியாகவுமே. கையில் வாங்கியது பக்கத்துக்கு ஒரே பாட்டுக் கொண்ட சிறு தட்டு. அந்த இசை இன்று மறுபதிப்பாகும்போது 180 கிராம் எடையுள்ள கனத்த எல்.பி.யாக, கட்டுரையோடும் புகைப்படங்களோடும் வீட்டுக் கூடத்துக்குரிய பொருளாக வருகிறது. மூல ஒலிநாடாக்களின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே இதில் வருவாய் சேரும். 1960களின் இறுதியில், தன் விநியோக ஒப்பந்தத்தின் ஒரு பிரிவின்படி தன்னுடைய பதிவுகளின் உடைமையே அட்லாண்டிக் நிறுவனத்துக்குப் போய்விட்டதை ஸ்டாக்ஸ் காலந்தாழ்ந்து கண்டறிந்தது. மறுபதிப்பின் வரலாற்றில் இதைப்போன்ற படிப்பினை வேறில்லை.

சென்னையில் தட்டின் பொதுவாழ்வை முடித்துவைத்தது கேசட். 1970களின் பிற்பகுதியில் பரவத் தொடங்கிய ஒலிநாடாப் பேழை, மலிவும் எளிமையும் கொண்டதால், பத்தாண்டுக்குள் செட்டுக்காரரின் மரப்பெட்டியைக் காலியாக்கியது. இடைப்பட்ட காலத்தில் தி. நகரிலும் மயிலாப்பூரிலும் சிற்றூர்க் கடைவீதிகளிலும் பெருகிய பதிவுக்கடைகள் தட்டுக்கு இன்னொரு பணியைத் தந்தன: வாடிக்கையாளர் பாட்டுப் பட்டியலை எழுதிக்கொடுப்பார், கடைக்காரர் தம்மிடமுள்ள எல்.பி.களிலிருந்து அவற்றை வெற்று கேசட்டில் பதிந்துகொடுப்பார். எக்கோ, இன்ரெக்கோ முதலிய நிறுவனங்கள் வெளியிட்ட இளையராஜாவின் தட்டுகளைப் பெரும்பான்மைத் தமிழர் கண்ணால் கண்டதில்லை. அவற்றின் நகலையே கேட்டனர். சட்டப்படி இது குற்றம். ஆனால் இன்று மிஞ்சியுள்ள நல்ல தட்டுகளிற் பல அந்தக் கடைக்காரர்கள் ஊசியைப் பார்த்துப் பார்த்து மாற்றிப் பேணியவை என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய தட்டுகளும் கிடைத்துவந்த மூர் மார்க்கெட் 1985 மே 30ஆம் தேதி எரிந்துபோயிற்று. பதிவுக்கடைகள் மூடப்பட்டபோது எஞ்சியவை எடைக்குப் போயின. சில பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நிலத்தில் விரித்த சாக்கின்மேல் வந்து சேர்ந்தன. வி.ஏ.கே. ரங்காராவ் போன்ற தனிமனிதர் பல்லாயிரம் தட்டுகளைச் சேர்த்துவைத்திராவிட்டால், நிறுவனங்களிடமே இல்லாத பதிவுகள் பலவற்றின் தடயமும் இருந்திராது.

பிறகு வந்தது மறுபதிப்பு. லண்டனிலும் மான்செஸ்டரிலும் அமெரிக்காவிலும் உள்ள சிறு நிறுவனங்கள் இதில் முந்திக்கொண்டன. ஆண்டி வோட்டல் முதலியோர் நடத்தும் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ், 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் இளையராஜா மின்னணு இசைக்கருவிகளைக் கையாண்ட பாட்டுகளைத் தொகுத்து சொல்லச் சொல்ல என்ற பெயரில் எல்.பி.யாக வெளியிட்டது, ராபர்ட் மில்லிஸ் இந்திய 78 தட்டுகளின் உலகத்தை 2015இல் நூலும் குறுந்தட்டுகளுமாகத் தந்தார். எச்.எம்.வி.யின் வழித்தோன்றலான சரிகம, இந்தி, தமிழ்த் திரைப்பாட்டுகளையும் செவ்வியல் இசையையும் வினைலில் திரும்ப வெளியிடுகிறது. பல்லாண்டுகள் இல்லாதிருந்த தட்டு அச்சிடும் ஆலையும் 2020களில் மும்பைப் பகுதியில் மீண்டும் தொடங்கியிருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கு நீடிக்கிறது. எனவே 1970இல் வந்த ஒரு தட்டின் பதிவுரிமை 2030ஆம் ஆண்டு முடிவில்தான் பொதுவாகும். பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமைக் கணக்கு வேறு. அது படைத்தவர் மறைந்தபின் 60 ஆண்டு நீளும்.

உரிமையைவிட ஆழமான கேள்வி தேர்வைப் பற்றியது. அயல்நாட்டு மறுபதிப்பாளருக்கு வேண்டியது புதுமையும் ஆட்டத்துக்கேற்ற தாளமும்; உள்ளூர் நிறுவனத்துக்கு வேண்டியது பெரும்பெயர்களின் மீதான ஏக்கம். செட்டுக்காரரின் பெட்டியில் அதிகம் தேய்ந்த அம்மன் பாட்டும், மாதா பாட்டும், கதை வசனமும், கட்சிப் பாட்டும் இந்த இரண்டு சல்லடையிலும் தங்குவது அரிது. தங்கினாலும், நல்ல ஒலிபெருக்கியில் இதுவரை யாரும் கேட்டிராத தாழ்ந்த தாளமும் பின்னணி வயலின்களும் தெளிவாகக் கேட்க, கடற்காற்றில் அலைந்து வந்த அந்தப் பழைய பாட்டு வேறொன்றாக மாறிவிடும். இது குறை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அசல் ஒலி என்று உறையில் அச்சிடுவது பொருந்தாது. சுப்ரபாதத்தின் அசல் ஒலி பதிவுக்கூடத்தில் கேட்டதா, மார்கழி இருட்டில் கூம்பில் கேட்டதா என்ற வினாவுக்குத் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் இரண்டாவதையே விடையாகத் தருவர்.

இந்தப் பின்னணியில் 2015இல் குப்பத்தில் தொடங்கிய ஊரூர் ஒல்காட் குப்பம் விழா வேறொரு வெளிச்சத்தில் தெரிகிறது. பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் முதலியோர் குப்பத்தாருடன் சேர்ந்து, கர்நாடக இசையையும் பரதநாட்டியத்தையும் பறையாட்டத்தையும் வில்லுப்பாட்டையும் ஒரே மேடையில் கடற்கரையில் நிகழ்த்தினர். சில ஆண்டுகளுக்குப்பின் அது நகரின் பிற இடங்களுக்கும் விரிந்து சென்னைக் கலைத் தெரு விழா எனப் பெயர் மாறியது. மார்கழிக் கச்சேரியின் சாதிச்சுவர் பற்றி அது எழுப்பிய விவாதம் தேவையானதே. ஆயினும் அந்த மணலுக்குச் செவ்வியல் இசை முதன்முறையாக அப்போதுதான் வந்தது என்று எழுதியவர்கள் கூம்பை மறந்தார்கள். விழா கொண்டுவந்தது பாடகரின் உடலை, எம்.எஸ்ஸின் குரல் ஒலிபெருக்கி வழியாக அரை நூற்றாண்டுக்கு முன்பே குப்பங்களின் விடியலை எட்டியிருந்தது. அந்தக் கேட்புக்கு நுழைவுச்சீட்டு இல்லை, இருக்கை இல்லை, தலையசைக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஒலி மாசைக் கட்டுப்படுத்த 2000ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த விதிகள் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை பொது இடத்தில் ஒலிபெருக்கியைத் தடுத்தன. கூம்பு வடிவ ஒலிபெருக்கியும் தடைக்குள்ளாயிற்று. நோயாளிக்கும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும் அதில் ஆறுதல் உண்டு என்பதை மறுக்க முடியாது. கூம்பு போனபின் பெட்டி வடிவ ஒலிபெருக்கியும், தட்டு போனபின் கேசட்டும், அதன்பின் குறுந்தட்டும் விரல்நுனி அளவு நினைவுச்சில்லும் வந்தன. ஆடியில் பாடும் குரல் மட்டும் பெரும்பாலும் ஈஸ்வரியுடையதாகவே தொடர்கிறது.

பழைய தட்டுச் சந்தையில் செட்டுக்காரரின் தட்டுக்கு மதிப்புக் குறைவு. கீறல் ஒரு காரணம். நடுவில் ஒட்டிய வட்டத்தாளில் மையால் எழுதிய வரிசை எண்ணும், உறையின்மேல் இன்ன ஊர் இன்ன சவுண்ட் சர்வீஸ் என்று குத்திய ரப்பர் முத்திரையும் இன்னொரு காரணம். அவற்றைத் துடைத்தும் சுரண்டியும் விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பாட்டு எந்தெந்த ஊரின் எந்தத் திருவிழாவில் ஒலித்தது என்பதற்கு இன்று எஞ்சியுள்ள சான்றுகளுள் அந்த முத்திரையும் ஒன்று. அத்தகைய தட்டு கைக்கு வருவோர் அதைத் துடைக்காமல், ஊர்ப்பெயரையும் வரிசை எண்ணையும் குறித்துவைத்துக்கொள்வது நலம்.